கைபேசிச் செயலிகளின் குறைகளை ஆக்கியோருக்குத் தெரிவிக்கும் முறை

1930-க்கும் 1940-க்கும் இடைப்பட்ட வருஷங்களில், நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலச்சுவான்தார் தமது நிலத்திற்குப் பாசனக் கிணறு இறக்கியபோது, நீரோடு கரிய பொருளொன்றும் வெளிப்பட்டது. கிணறு கெட்டதென்று அதனை மூடிவிட்டு வேறிடத்தில் தோண்டியிருக்கலாம். பலரும் அப்படித்தான் செய்திருப்பர். அவரோ அதனைச் சர்க்காரின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். அப்பொருள் பழுப்பு நிலக்கரி என்று பிற்பாடு தெரியவந்தது. 1956-ம் வருஷத்தில் நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டதும், வடக்குத்துக் கிராமத்தின் எல்லையருகே ஒரு நகரமே எழுந்ததும் அதன் பின்விளைவுகள். சுரங்கத்தினால் இவ்வட்டாரத்துக் குடிகளுக்கு உண்டான நன்மை தீமைகள் வேறு விஷயம். இங்கே கருதத்தக்கது ஒன்றே: கண்டதைக் கண்டபடி, அதை ஆராய்ந்து ஏதேனும் செய்ய வல்லவரிடம் ஒரு விவசாயி சேர்ப்பித்தார் என்பது.

இன்று அத்தகைய காரியம் ஒவ்வொரு விவசாயியின் சட்டைப் பையிலும் காத்திருக்கிறது. தமிழ்நாடு சர்க்கார் 2018-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வெளியிட்ட உழவன் செயலி, மானியத் திட்டங்கள், விதை இருப்பு, உர இருப்பு, விளைபொருள் விலை, வானிலை முதலியவற்றைக் கைபேசியில் காட்டுகிறது. 2019-ல் இந்திய வானிலை இலாகாவும் மற்றைய ஸ்தாபனங்களும் சேர்ந்து மேகதூத் என்ற செயலியை வெளியிட்டன. பயிர்க் காப்பீட்டிற்கென்று ஒரு செயலி உண்டு. இலையைப் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்லும் பிளாண்டிக்ஸ் என்ற செயலி ஜெர்மனி தேசத்திற் பிறந்தது. இவற்றை ஆக்கியோர் சென்னையிலும் டில்லியிலும் பெர்லினிலும் இருந்து வேலை செய்பவர்கள். வடக்குத்துச் செம்மண்ணையும், முந்திரித் தோப்பின் நிழலையும், மல்லாட்டைக் காட்டையும் அவர்கள் நேரிற் கண்டிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. உபயோகிப்போர் சொன்னாலொழியத் தாங்கள் செய்த கருவி எங்கே இடறுகிறது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

சொல்வோர் இல்லாமலில்லை. ஆனால் சொல்லப்படுபவற்றிற் பெரும்பகுதி, "வேலை செய்யவில்லை" என்ற இரண்டு சொற்களாகவோ, வசையாகவோ முடிந்துவிடுகிறது. வேளாண்மை உத்தியோகஸ்தரிடம் ஒருவர் போய், "பயிர் வாடுகிறது" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து கூற முடியும்? என்ன ரகம், நட்டு எத்தனை நாள், வயல் முழுவதுமா அல்லது திட்டுத் திட்டாகவா, எந்தத் தேதி முதல், அதற்கு முன் என்ன உரம் போட்டது என்று கேட்டறிந்த பின்னரே அவர் வாய் திறப்பார். செயலியை ஆக்கியவருக்கு அவ்வாறு எதிரில் நின்று கேட்கும் வசதியும் இல்லை. ஆகையால் கேட்கப்படக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் விடையை முன்னதாகவே எழுதிவிடுவது அவசியமாகிறது.

எழுதுமுன் குறை எங்கே இருக்கிறதென்று பிரித்தறிய வேண்டும். இதிலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். உர இருப்பை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 2018 முதல் நாடெங்கும் மானிய உர விற்பனை, கடையிலுள்ள விற்பனைமுனைக் கருவியில் பதிவாகி வருகிறது. செயலியில் ஒரு கடையில் 40 மூட்டை யூரியா இருப்பதாகக் காண்கிறது; வண்டி கட்டிக்கொண்டு போனால் கடைக்காரர் ஒன்றுமில்லை என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது செயலியின் குற்றமாக இருக்கலாம்: நேற்றைய கணக்கையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கலாம். கணக்கின் குற்றமாகவும் இருக்கலாம்: விற்ற மூட்டையைக் கருவியிற் பதியாமல் விட்டிருக்கலாம். கடைக்காரரின் குற்றமாகவும் இருக்கலாம்: உரம் உள்ளே இருக்க, இல்லையென்று சொல்லியிருக்கலாம். முதலாவதைச் செயலி ஆக்கியோரும், மற்றை இரண்டையும் வட்டார வேளாண்மை ஆபீசாருமே திருத்த வல்லவர்கள். உரத்தையே பதுக்கிவைத்த ஒருவர்மீதுள்ள கோபத்தைச் சென்னையில் நிரல் எழுதும் வாலிபர்மீது கொட்டுவதால் மூட்டை வந்துவிடப் போவதில்லை. இம்மூன்றும் போக நான்காவதும் ஒன்று உண்டு. ஒரு திட்டத்தில் சிறு குறு விவசாயிகளுக்கு மட்டுமே மானியம் என்று விதி இருக்க, பெரிய பட்டாதாரரின் மனுவைச் செயலி ஏற்க மறுத்தால், அது செயலி சரியாக வேலை செய்ததற்கு அடையாளம். விதி பிடிக்கவில்லையெனில் அதற்கு முறையிடும் ஸ்தலம் வேறு.

செயலியின் மேலாக நாள் அல்லது நேரம் குறிக்கப்பட்டிருந்தால் அதைப் பார்த்தாலே சந்தேகம் பாதி நீங்கும். அவ்வாறு குறிக்கப்படவில்லையெனில், "இருப்புக் கணக்கு எந்த நாள், எந்த மணிக்கு எடுக்கப்பட்டது என்பதை எண்ணுக்கு அருகிலேயே காட்டுக" என்று எழுதுவதே மிகச் சிறந்த யோசனை. அது ஒருவருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்தும்.

குறை செயலியினுடையதே என்று தேர்ந்த பின், எழுதவேண்டியவை சில. எந்தப் பக்கத்தைத் திறந்து எதைத் தொட்டது, என்ன வருமென்று எதிர்பார்த்தது, உண்மையில் என்ன வந்தது, தேதியும் மணியும், ஒருமுறை மட்டுமா அல்லது ஒவ்வொரு தடவையுமா என்பவை. கைபேசியின் பெயர், அதன் ஆண்ட்ராய்டு எண், செயலியின் பதிப்பு எண் ஆகியவற்றையும் சேர்த்தல் நலம். ஆண்ட்ராய்டு எண் கைபேசியின் அமைப்புகள் பகுதியிலும், பதிப்பு எண் செயலியைப் பற்றிய விவரப் பக்கத்திலும் காணும். அநேகமாக எல்லா ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் மின்பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஒருசேர அழுத்தினால் திரையில் உள்ளது அப்படியே படமாகிவிடும். அந்த ஸ்கிரீன்ஷாட் ஒன்று பத்து வரிகளுக்குச் சமானம்.

மாதிரிக்காக, கற்பனையான ஒரு செயலியைப் பற்றிய கடிதம் இவ்வாறு அமையலாம்:

"விதை இருப்புப் பக்கத்தை இம்மாதம் 12, 13 ஆகிய இரு தேதிகளிலும் காலை 9 மணிக்குத் திறந்தேன். குறிஞ்சிப்பாடி வட்டாரம் என்று தேர்ந்தவுடன் வெற்றுப் பக்கமே வருகிறது. அருகிலுள்ள வேறு வட்டாரத்தைத் தேர்ந்தால் பட்டியல் வருகிறது. என் கைபேசி ஆண்ட்ராய்டு 11. வீட்டில் அதே இணைப்பில் உள்ள என் மகனுடைய கைபேசி ஆண்ட்ராய்டு 14. அதில் குறிஞ்சிப்பாடியின் பட்டியலும் சரியாக வருகிறது. இரண்டின் படங்களையும் இணைத்திருக்கிறேன். விலைப் பட்டியல் பக்கம் முன்னைவிட விரைவாகத் திறக்கிறது. அதை மாற்ற வேண்டாம்."

இதைப் படிப்பவருக்கு எத்தனை விஷயங்கள் ஒரேயடியாக விளங்குகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். இணைப்புக் குற்றமன்று, தகவல் வந்து சேராமலும் இல்லை, பழைய கைபேசியில், அந்த ஒரு பட்டியலை விரிக்கும் இடத்திலே ஏதோ தடை நேர்கிறது. தேடவேண்டிய இடம் நூறிலிருந்து இரண்டு மூன்றாகக் குறைந்துவிட்டது. கடைசி வாக்கியம் வெறும் உபசாரமென்று எண்ணலாகாது. ஒன்றைத் திருத்தப்போய் நன்றாக இருந்ததைக் கெடுத்துவிடுவது இத்தொழிலில் சகஜம். எது நன்றாயிருக்கிறதென்று சொல்வதும் உபயோகமான தகவலே.

அவசரமான சமயங்களில் இம்முறை பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை முதலியவற்றால் தனிப்பட்ட வயலுக்கு நேரும் நஷ்டத்தையும், அறுத்துக் காயப்போட்ட பயிர் 14 நாட்களுக்குள் மழையிற் கெடுவதையும், 72 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும். பிடுங்கிப் போட்ட மணிலாக் கொடி காட்டிலே கிடக்க, பருவந்தப்பிய மழை கொட்டிவிட்டதென்க. செயலியைத் திறந்தால் படம் ஏற மறுக்கிறது. அந்த நேரத்தில் நட்சத்திரக் குறிகளைக் குறைப்பதிலும் குறை எழுதுவதிலும் ஒரு நாளைப் போக்கினால், மிஞ்சுவது இரண்டு நாளே. குறை எழுதுவது நஷ்ட அறிவிப்பு ஆகாது. எந்தக் கம்பெனியும் அதனை அறிவிப்பாக ஏற்காது. முதலில் 14447 என்ற உதவி எண்ணிலோ, பிரீமியம் கட்டிய பாங்கியிலோ, வேளாண்மை ஆபீசிலோ அறிவித்துப் பதிவெண் பெற்றுக்கொள்ள வேண்டும். செயலி மறுத்த திரையை மணியோடு படமெடுத்து வைத்துக்கொள்வது பின்னால் வழக்காடவும் உதவும். அறிவிப்பு முடிந்த பின், நிதானமாக அக்குறையை ஆக்கியோருக்கு எழுதலாம். அடுத்த மழைக்கு முன் அது திருந்தினால் பிறர் பிழைப்பர்.

கருவி இடறாமல் ஓடியும் பயன் தராத சந்தர்ப்பங்கள் உண்டு. அவற்றுள் முக்கியமானது பேச்சு வழக்கும் அளவும் பற்றியது. இந்த ஜில்லாவில் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் வழங்குவது செயலிகளில் நிலக்கடலை என்று இருக்கும். மல்லாட்டை என்று தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால், தம் பயிரே அதில் இல்லையென்று மூடிவிடுவார். நிலத்தைக் காணிக் கணக்கிற் பேசுவது இன்றும் வயோதிகரிடம் உண்டு; ஒரு காணி 1.32 ஏக்கர். 2 காணி உள்ளவர் 2.64 ஏக்கர் என்றோ, ஹெக்டேரானால் 1.07 என்றோ எழுதவேண்டியிருக்க, தசம புள்ளியை அந்தக் கட்டம் ஏற்காவிட்டால் 2 என்றோ 3 என்றோதான் எழுதுவார். பட்டாவுக்கும் மனுவுக்கும் பரப்பு ஒவ்வாமற் போகும். விலையிலும் இப்படியே. மணிலாப் பயற்றை 80 கிலோ மூட்டைக் கணக்கில் விற்பது இப்பக்கத்து வழக்கம். திரையில் 7,500 என்று வெறும் எண் மட்டும் இருந்தால், அது மூட்டைக்கா, 100 கிலோ குவிண்டாலுக்கா? குவிண்டாலுக்கானால் மூட்டைக்கு 6,000 ரூபாய்தான். இந்த 1,500 ரூபாய் வித்தியாசத்தை நம்பி ஒருவர் வியாபாரியின் சரியான விலையை மறுத்து மூட்டையைத் திருப்பி ஏற்றிவரக் கூடும். நிறையிலும் விலையிலும் குடியானவர் ஏமாறாதிருக்கவே 1933-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் வாணிபப் பயிர் மார்க்கெட்டுச் சட்டம் செய்யப்பட்டது. அந்தக் கவலை கைபேசித் திரையிலும் வேண்டியதாகிறது. "எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை கிலோவுக்கு என்று அச்சிடுக, தேடும் இடத்தில் மல்லாட்டை, மணிலா ஆகிய பெயர்களையும் சேர்க்க" என்று எழுதுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். இதுபோன்றவை ஆக்கியோருக்கு மிக எளிய வேலை. ஆனால் இவ்வூர்க்காரர் சொல்லாமல் அவர்களுக்குத் தாமாகத் தோன்றக் கூடியவை அல்ல.

வானிலையைப் பற்றி வரும் புகார்களில் நியாயமில்லாதவையே அதிகம். முன்னறிவிப்பு ஒரு ஜில்லாவுக்கோ வட்டாரத்துக்கோ சொல்லப்படுவது. குறிஞ்சிப்பாடியில் மழை பெய்து வடக்குத்தில் தூறாமற் போனால் அது பொய்யன்று. எனினும் ஒருவர் ஒரு மாதம் முழுவதும், சொல்லப்பட்டது இன்னது, தம் நிலத்திற் பெய்தது இன்னது என்று நாள்வாரியாகக் குறித்துவைத்து அனுப்பினால், அந்த ஒரு தாள் நூறு புகாருக்கு மேலானது.

படம் பார்த்து நோய் சொல்லும் செயலிகளின் விஷயம் நின்று கவனிக்கத்தக்கது. இவை மனிதர் விதிகளை எழுதிவைத்ததால் மட்டும் வேலை செய்வன அல்ல. பெயரிட்ட ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கப்பட்டவை. எந்தப் பயிரின் படங்கள் குறைவோ அதிலே தடுமாறும். முந்திரியில் தளிரும் பூங்கொத்தும் வரும் காலத்தில் தேயிலைக் கொசு சாறு உறிஞ்சுவதால் கறுத்த புண்கள் உண்டாகிக் கொத்து கருகும். அப்புண்களின் வழியே பூஞ்சணமும் புகுந்து கருகலை மிகுவிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. செயலி பூஞ்சண நோய் என்று மட்டும் சொல்லி, அதை நம்பிப் பூஞ்சண மருந்தையே அடித்தால், கொசு அப்படியே இருக்கும். மருந்துச் செலவும் கூலியும் வீண். அவ்வருஷத்து மகசூலும் போகும். இங்கே "தவறு" என்று மட்டும் எழுதினால் அந்த இயந்திரம் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. சரியான விடை எது என்பதையும், அது யாரால் நிச்சயிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தாக வேண்டும். விருத்தாசலத்திலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் முந்திரிக்கும் மணிலாவுக்கும் நெடுங்காலமாக வேலை செய்து வருவது. அங்கே மாதிரிக் கிளையைக் காட்டி அறிந்துகொள்ளலாம். படங்களை வெயில் மங்குமுன், மரம் முழுவதும் தெரிய ஒன்று, கிளை ஒன்று, புண்ணின் அருகே ஒன்று என்று எடுத்து, மரத்தின் வயதையும் தேதியையும் குறித்து அனுப்பினால், அடுத்த பருவத்தில் அந்தப் பிழை குறைய இடமுண்டு. அதுவரையில், மருந்துக் கடைக்குப் போகுமுன் செயலியின் வாக்கை மட்டும் நம்பாதிருப்பதே தகும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. தமிழ்நாட்டில் 2024-ல் எண்ணியல் முறைப் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தபோது வேளாண்மைக் கல்லூரி மாணவர்களும் வயலில் இறங்கிக் கைபேசியிற் பதிந்தனர். இத்தகைய வேலையில் நின்ற இடத்தை ஜி.பி.எஸ். கொண்டே கைபேசி அறிகிறது. வெட்டவெளியில் அது ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லும்; அடர்ந்த முந்திரித் தோப்பின் கீழ் அவ்வளவு திருத்தமாகச் சொல்லாது. "சர்வே எண்ணை ஏற்க மறுக்கிறது" என்று எழுதுவதைவிட, சர்வே எண், உட்பிரிவு, நின்ற இடம் தோப்புக்குள்ளா வரப்பிலா, வரப்புக்கு வந்து முயன்றபோது ஏற்றதா என்று எழுதினால், குறை கருவியிலா, புலப்படத்தைப் பூமியோடு பொருத்தியதிலா என்பது புலப்படும். வரப்பிலும் மறுத்தால் பெரும்பாலும் புலப்படத்தின் பொருத்தமே பிசகியிருக்கும். அது நில அளவை இலாகாவின் வேலை. தென்னாற்காட்டுச் சீமைக்கே உரிய வேறு சங்கடங்களும் உண்டு. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி தானே புயலிற் சாய்ந்த தோப்புகளில், தப்பிய பழைய மரங்களுக்கு நடுவே புதிய ஒட்டுக்கன்றுகள் நடப்பட்டன. "தோப்பின் வயது" என்று ஒரே கட்டம் இருந்தால் அதில் எதை எழுதுவது? இளந்தோப்பில் ஊடே மணிலாப் போட்டிருந்தால் இரண்டாம் பயிருக்கு இடமுண்டா? இக்கேள்விகளை எழுதி அனுப்பவல்லவர் அன்றாடம் அடங்கல் பார்ப்பவரேயன்றி வேறொருவர் இல்லை.

ஊராட்சி ஆபீசில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வருவோர் சொல்லும் குறைகளைத் தேதிவாரியாகக் குறித்துவந்தால், பத்துப் பேர் தனித்தனியே சொன்ன ஒரே குறையைப் பத்துச் சாட்சிகளோடு ஒரே கடிதமாக அனுப்பலாம். தகவற் பிழைகளைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாகவும் அனுப்பலாம். எழுதப் படிக்க வராத குத்தகைதாரரின் குறையும், சொந்தமாகக் கைபேசி இல்லாத பெண்மணியின் குறையும் அப்புத்தகத்தின் வழியாகவே வெளிவரும்.

அனுப்பும் இடத்தைப் பற்றி: செயலிக்குள்ளேயே கருத்துச் சொல்லும் பகுதி இருப்பின் அது முதலிடம். பிளே ஸ்டோரில் அச்செயலியின் பக்கத்தில் ஆக்கியோரின் மின்னஞ்சல் கொடுக்கப்பட்டிருக்கும். படங்களோடு எழுத அதுவே வசதி. அதே பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை குறித்துச் சிறு குறிப்பும் எழுதலாம். 500 எழுத்துக்களுக்கு மேல் இடம் கொள்ளாது. அக்குறிப்பு உலகோர் யாவரும் படிக்கத்தக்கது. ஆகவே ஆதார் எண், பாங்கிக் கணக்கு, கைபேசி எண், பட்டா எண் எதையும் அதில் எழுதவே கூடாது. அத்தகைய விவரம் தேவைப்பட்டால் மின்னஞ்சலில் மட்டும், அதுவும் கேட்ட பிறகே தரலாம். ஓ.டி.பி.யை எவர் கேட்டாலும் தரவேண்டியதில்லை. "உமது புகாரைத் தீர்க்கிறோம்" என்று போனில் அழைத்துக் கேட்பவர் பெரும்பாலும் வஞ்சகர்.

ஒரு கடிதத்தில் ஒரு குறையே போதும். பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். வந்த பதிலில் மேலும் ஏதேனும் கேட்டிருந்தால் உடனே எழுதிவிட வேண்டும், ஏனெனில் பல திருத்தங்கள் அந்த இரண்டாம் கடிதம் வராமலே நின்றுபோகின்றன. அப்டேட் வந்ததும் அதே பக்கத்தை அதே கைபேசியில் திறந்து பார்த்து, சரியாகியிருந்தால் முன்பு கொடுத்த நட்சத்திரத்தையும் குறிப்பையும் மாற்றி எழுதலாம். பிளே ஸ்டோர் அதற்கு இடம் தருகிறது. மாற்றாமல் விட்ட பழைய குறிப்பைப் படித்துவிட்டு, திருந்திய செயலியைப் பக்கத்து வயல்காரர் இறக்காமலே இருந்துவிடுவார்.